துப்பாக்கி உரிமை சிகாகோவுக்கு வந்து சேர 219 வருஷம்

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, படிக்க வசதியாக மட்டும் திருத்தியிருக்கிறோம்.

இன்னைக்கு எபிசோடை ஒரு புதிரோட ஆரம்பிக்கலாம்.

அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம், அதாவது செகண்ட் அமெண்ட்மென்ட், ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. 1791ல் அமலுக்கு வந்தது. அமெரிக்கச் செய்திகளை லேசா ஃபாலோ பண்றவங்களுக்குக்கூட இந்தப் பேர் பழக்கமா இருக்கும்.

ஆனா 1982ல் சிகாகோ மாநகராட்சி ஒரு சட்டம் போட்டது. கைத்துப்பாக்கி வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும். ஆனால் இனிமேல் புதிதாக எந்தக் கைத்துப்பாக்கியையும் பதிவு செய்ய மாட்டோம். பதிவு இல்லாமல் வைத்திருப்பது குற்றம். சுத்தி வளைச்சுச் சொன்னாலும் இது தடைதான். இந்தச் சட்டம் 28 வருஷம் நடைமுறையில் இருந்தது.

அப்போ அரசியல் சாசனத்துல எழுதியிருந்த உரிமை எங்க போச்சு? எங்கேயும் போகல. சிகாகோவுக்கு அது வந்து சேரவே இல்லை. சேர்ந்தது 2010ல். நடுவில் 219 வருஷம்.

துப்பாக்கி நல்லதா கெட்டதான்னு இந்த எபிசோட் தீர்ப்பு சொல்லப் போறதில்லை. நாம பார்க்கப் போறது ஒரே கேள்வி: ஒரு உரிமை யாரைக் கட்டுப்படுத்தும்? கேட்க வறட்சியான கேள்வி மாதிரி தெரியும். ஆனா இந்தக் கேள்விக்குக் கிடைச்ச ஒரு பதிலால, ஒரு ஊரில் நடந்த படுகொலைக்குத் தண்டனையே இல்லாம போச்சு. அங்கே போய்ட்டு, அங்கிருந்து சிகாகோவுக்கு வருவோம்.

கோடு யாருக்குப் போட்டது?

உரிமைன்னா என்ன? அரசாங்கத்தைப் பார்த்து, "இந்தக் கோட்டைத் தாண்டி வராதே"ன்னு சொல்றது. சரி, எந்த அரசாங்கத்தைப் பார்த்து? அமெரிக்காவில் வாஷிங்டனில் ஒரு மத்திய அரசு இருக்கிறது. மாநில அரசுகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே மாநகராட்சி, கவுன்ட்டி, கிராமம் என்று உள்ளாட்சிகள்.

1787ல் அரசியல் சாசனத்தை எழுதியபோது, மக்களுக்குப் பயம் புதிதாக வரப்போகும் மத்திய அரசு மேல்தான். மாநிலங்கள் பழகிய முகம். அவற்றுக்கென்று தனித்தனி சாசனங்களும் இருந்தன. அதனால்தான் "மத்திய அரசுக்கு ஒரு கடிவாளம் வேண்டும்" என்று கேட்டார்கள். அப்படி வந்தவைதான் முதல் பத்துத் திருத்தங்கள். மொத்தமாகச் சேர்த்து 'பில் ஆஃப் ரைட்ஸ்' என்பார்கள். பேச்சுரிமையைச் சொல்லும் முதல் திருத்தம், "காங்கிரஸ் இப்படி ஒரு சட்டமும் இயற்றக் கூடாது" என்றுதான் தொடங்குகிறது. இங்கே காங்கிரஸ்னா அவங்க நாடாளுமன்றம், கட்சி இல்லை.

ஜேம்ஸ் மேடிசன்தான் இந்தத் திருத்தங்களைக் கொண்டுவந்தவர். அவர் 1789லேயே மாநிலங்களையும் சேர்த்துக் கட்ட முயற்சி செய்தார். மனசாட்சிச் சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம், குற்ற வழக்கில் ஜூரி விசாரணை ஆகியவற்றை எந்த மாநிலமும் மீறக் கூடாது என்று ஒரு தனித் திருத்தம் எழுதினார். கீழவை அதை ஏற்றது. செனட் தூக்கிப் போட்டுவிட்டது.

இதன் விளைவு 1833ல் தெரிந்தது. பால்டிமோர் துறைமுகத்தில் ஜான் பேரன் என்பவர் பங்குதாரராக ஒரு படகுத்துறை நடத்தினார். மாநகராட்சி தெருக்களைச் சீரமைக்கும்போது ஓடைகளைத் திருப்பிவிட்டது. மண்ணும் மணலும் அடித்துக்கொண்டு வந்து படகுத்துறை முன்னால் சேர்ந்தன. ஆழம் குறைந்தது, கப்பல் வருவது நின்றது, தொழில் படுத்தது. "என் சொத்தைப் பாழாக்கினால் இழப்பீடு தர வேண்டும் என்று ஐந்தாவது திருத்தம் சொல்கிறதே" என்று அவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார்.

தலைமை நீதிபதி ஜான் மார்ஷலின் பதில் சுருக்கமானது. பில் ஆஃப் ரைட்ஸ் மத்திய அரசுக்குப் போட்ட கோடு. மாநிலத்துக்கும் அதன் கீழே இருக்கும் மாநகராட்சிக்கும் அது பொருந்தாது. ஒரு நீதிபதிகூட மாறுபடவில்லை.

யோசிச்சுப் பாருங்க. அந்தக் காலத்து அமெரிக்கருக்கு தினசரி வாழ்க்கையில் எதிர்ப்படும் அரசாங்கம் எது? மாநிலம்தான், ஊர்தான். பெரிய உரிமைகள் எல்லாம் தூரத்தில் இருக்கும் வாஷிங்டனைக் கட்டிப்போட்டன. பக்கத்தில் இருக்கும் அரசாங்கம் தன் மாநில சாசனம் அனுமதிக்கும் வரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இதில் மிக மோசமாக அடி வாங்கியவர்கள் தென் மாநிலங்களின் அடிமைகள்.

போர் முடிந்தது, துப்பாக்கியைப் பிடுங்கினார்கள்

1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். வடக்கு ஜெயித்தது. 13வது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் தென் மாநிலங்களின் சட்டமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. விடுதலையான கறுப்பின மக்களை மறுபடியும் பண்ணைகளில் கட்டிப்போட, 'பிளாக் கோட்ஸ்' என்று அழைக்கப்பட்ட சட்டங்களை வரிசையாகப் போட்டன.

அதில் ஒன்று நம் கதைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1865ல் மிசிசிப்பி மாநிலம் போட்ட சட்டத்தின்படி, ராணுவத்தில் இல்லாத, உள்ளூர் அதிகாரிகளிடம் லைசென்ஸ் வாங்காத கறுப்பினத்தவர் யாரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. முன்னாள் எஜமானர்கள் ராத்திரியில் கும்பலாக வீட்டுக்கு வந்த காலம் அது. கையில் ஆயுதம் இருக்கக் கூடாது என்று சொல்வது வெறும் பொது ஒழுங்கு விஷயமாக இருக்கவில்லை.

வாஷிங்டனில் இருந்தவர்களுக்கு இது புரிந்தது. மாநிலங்களையே கட்டுப்படுத்தாவிட்டால், போரில் ஜெயித்தது காகிதத்தில்தான் நிற்கும். அப்படி 1868ல் வந்தது 14வது திருத்தம். அதில் இரண்டு வாசகங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இந்த இரண்டைச் சுற்றித்தான்.

முதல் வாசகம்: அமெரிக்கக் குடிமக்களின் சிறப்புரிமைகளையும் பாதுகாப்புகளையும் எந்த மாநிலமும் குறைக்கக் கூடாது. இதை நாம 'குடியுரிமை வாசகம்'னு வச்சுக்கலாம்.

இரண்டாவது வாசகம்: முறையான சட்ட நடைமுறை இல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ எந்த மாநிலமும் பறிக்கக் கூடாது. இது 'நடைமுறை வாசகம்'. அமெரிக்க வக்கீல் சீரியல் பார்க்கிறவங்களுக்கு 'டியூ பிராசஸ்' என்ற பேர் காதில் விழுந்திருக்கும். அது இதுதான்.

ரெண்டிலும் "எந்த மாநிலமும்" என்று இருப்பதைக் கவனிங்க. 1789ல் மேடிசனால் முடியாததை, ஒரு போருக்குப் பிறகு எழுதிவிட்டார்கள். இந்தத் திருத்தத்தை செனட்டில் அறிமுகப்படுத்திப் பேசிய மிச்சிகன் செனட்டர் ஜேக்கப் ஹோவர்ட், முதல் எட்டுத் திருத்தங்களில் இருக்கும் உரிமைகள் எல்லாம் இதில் அடக்கம் என்று சொல்லி, ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார். ஆயுத உரிமையும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அப்போ கதை 1868லேயே முடிஞ்சிருக்கணுமே? முடியல.

கசாப்புக் கடையும் கோல்ஃபாக்ஸும்

1869ல் லூசியானா மாநிலம், நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் ஒரே ஒரு கம்பெனியின் இடத்தில்தான் இறைச்சிக்காக மாடு வெட்டலாம் என்று சட்டம் போட்டது. மற்ற கசாப்புக்காரர்கள், "எங்கள் பிழைப்பைப் பறிக்கிறீர்கள், இது புதிய குடியுரிமை வாசகத்துக்கு விரோதம்" என்று வழக்குப் போட்டார்கள். 1873ல் சுப்ரீம் கோர்ட் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

கசாப்புக்காரங்க தோத்ததைவிடப் பெரிய விஷயம், தோற்கடிக்க கோர்ட் சொன்ன காரணம். குடியுரிமை வாசகம் பாதுகாப்பது நாட்டின் குடிமகன் என்பதால் மட்டும் கிடைக்கும் உரிமைகளைத்தான் என்றது கோர்ட். உதாரணம் என்ன கொடுத்தது தெரியுமா? நாட்டின் தலைநகருக்குப் போய்வரும் உரிமை, நடுக்கடலில் இருக்கும்போது அரசின் பாதுகாப்பு கேட்கும் உரிமை. இந்த மாதிரி. அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்தது, அதற்குள் அந்த வாசகத்தில் உயிர் போய்விட்டது.

அதே 1873, அதே லூசியானா. ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூர். அதற்கு முந்தைய வருஷத் தேர்தலில் யார் ஜெயித்தது என்று மாநிலம் முழுக்கத் தகராறு. உள்ளூர் கோர்ட் கட்டடத்தைக் கறுப்பின ஆண்கள் ஆயுதங்களோடு காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையர்களின் ஆயுதக் கும்பல் பீரங்கியோடு வந்து சூழ்ந்தது. கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். சரணடைந்தவர்களில் பலரையும் பிறகு சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்களின் எண்ணிக்கை 60 முதல் 150 வரை என்று பலவிதமாக மதிப்பிடுகிறார்கள். சரியாக எண்ணக்கூட யாரும் இல்லை.

மாநிலம் தண்டிக்காது என்பதால் மத்திய அரசே வழக்குப் போட்டது. சுமார் நூறு பேர் மேல் குற்றச்சாட்டு. கடைசியில் தண்டனை பெற்றவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் வில்லியம் குருக்ஷாங்க். குற்றச்சாட்டுகளில் ஒன்று, கறுப்பினக் குடிமக்களின் ஆயுத உரிமையைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்பது.

1876ல் சுப்ரீம் கோர்ட் அந்த மூன்று பேரின் தண்டனையையும் ரத்து செய்தது. இரண்டாவது திருத்தம் மத்திய அரசை மட்டும்தான் கட்டுப்படுத்தும். 14வது திருத்தம் மாநிலம் செய்வதைத்தான் தடுக்கும், தனி ஆட்கள் செய்வதை இல்லை. படுகொலை நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கோர்ட் கணக்குப்படி, மத்திய அரசு தண்டிக்கும் அளவுக்கு எந்த உரிமையும் மீறப்படவில்லை.

எபிசோட் ஆரம்பத்துல சொன்னேனே, பதில் கிடைச்ச ஒரு விதத்தால் படுகொலைக்குத் தண்டனை இல்லாம போச்சுன்னு. அது இதுதான். தென் மாநிலங்களில் கும்பல் வன்முறைக்கு இனி வாஷிங்டன் குறுக்கே வராது என்று இந்தத் தீர்ப்பு காட்டிவிட்டது.

பத்து வருஷம் கழித்து, 1886ல் இன்னொரு வழக்கு. சிகாகோவில் ஹெர்மன் பிரெஸ்ஸர் என்பவர் ஜெர்மன் தொழிலாளர் அமைப்பு ஒன்றின் சுமார் 400 பேரோடு துப்பாக்கி ஏந்தி ஊர்வலம் போனார். மாநிலச் சட்டப்படி 10 டாலர் அபராதம். சுப்ரீம் கோர்ட் மறுபடி அதையேதான் சொன்னது: இரண்டாவது திருத்தம் மாநிலத்தைக் கட்டாது.

பின்வாசல் வழியாக

முன்வாசல் மூடிவிட்டதால், உரிமைகள் பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தன. அந்தப் பின்வாசல் எது? நாம ஞாபகம் வச்சுக்கிட்ட இரண்டாவது வாசகம், நடைமுறை வாசகம்.

வாதம் இப்படிப் போகும். எந்த மாநிலமும் ஒருவரின் 'சுதந்திரத்தை' முறையின்றிப் பறிக்கக் கூடாது. சரி, சுதந்திரம்னா என்ன? அதுக்குள்ள பேச்சுரிமை இல்லையா? இருக்குன்னா, மாநிலமும் பேச்சுரிமையைத் தொட முடியாது. இப்படி பில் ஆஃப் ரைட்ஸில் இருக்கும் உரிமைகளை ஒவ்வொன்றாக 14வது திருத்தத்துக்குள் இழுப்பதற்கு 'இன்கார்ப்பரேஷன்' என்று பேர். உள்ளே சேர்த்துக்கொள்வது, அவ்வளவுதான்.

மொத்தமாக ஒரே நாளில் சேர்க்கவில்லை. 1897ல் சொத்துக்கு இழப்பீடு உள்ளே வந்தது. அதுவும் சிகாகோ மாநகராட்சிக்கு எதிரான ரயில்வே வழக்கு. 1833ல் ஜான் பேரன் கேட்டது 64 வருஷம் கழித்து வேறு யாருக்கோ கிடைத்தது! 1920களிலும் 30களிலும் பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம். 1960களில் வெள்ளம் மாதிரி வந்தன. 1961ல், சட்டவிரோதமாக வீடு புகுந்து எடுத்த சாட்சியத்தை மாநிலக் கோர்ட்டிலும் பயன்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு. 1963ல் கிளாரன்ஸ் கிடியன் வழக்கு. வக்கீல் வைக்கக் காசில்லாத அவர், ஃபுளோரிடா ஜெயிலில் இருந்து பென்சிலால் மனு எழுதி அனுப்பினார். கடுமையான குற்ற வழக்குகளில் ஏழைக்கு மாநிலமே வக்கீல் தர வேண்டும் என்றானது.

ஹாலிவுட் படத்துல போலீஸ்காரர் கைவிலங்கு மாட்டிட்டு, "நீ பேசாம இருக்க உனக்கு உரிமை உண்டு"ன்னு ஒப்பிப்பாரே? அவர் பெரும்பாலும் ஊர் போலீஸ், மத்திய போலீஸ் இல்லை. அவர் வாயில் அந்த வசனம் வந்ததே இன்கார்ப்பரேஷனால்தான்.

எந்த உரிமை உள்ளே வரலாம் என்பதற்கு ஒரு சோதனை உருவானது. அது அடிப்படையான உரிமையா? அமெரிக்க வரலாற்றிலும் மரபிலும் ஆழமாக வேர்விட்டதா? ஆம் என்றால் உள்ளே.

இரண்டாவது திருத்தம் மட்டும் ஏன் வாசலிலேயே நின்றது?

ஏன்னா அதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி தீரவில்லை. அந்தத் திருத்தம் மொத்தம் ஒரே வாக்கியம். முதல் பாதி, சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கமைக்கப்பட்ட மிலிஷியா, அதாவது குடிமக்கள் படை, தேவை என்கிறது. இரண்டாம் பாதி, ஆயுதம் வைத்துக்கொள்ளவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமையை மீறக் கூடாது என்கிறது. அப்போ உரிமை அந்தப் படைக்காகவா, தனி ஆளுக்கா? 1939ல் சுப்ரீம் கோர்ட் குழல் குறுக்கிய ஷாட்கன் பற்றிய ஒரு வழக்கில் மிலிஷியாவை வைத்தே பேசியது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் கீழ்க்கோர்ட்டுகள் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்ந்தன.

1981ல் சிகாகோவுக்குப் பக்கத்தில் மார்ட்டன் குரோவ் என்ற ஊர் கைத்துப்பாக்கியைத் தடை செய்தது. வழக்கு போனது. 1886 தீர்ப்பைக் காட்டித் தடை செல்லும் என்றார்கள். அடுத்த வருஷம் சிகாகோ, பிறகு ஓக் பார்க்.

திருப்பம் வந்தது 2008 ஜூன் 26ல். தலைநகர் வாஷிங்டனில் இருந்த கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்த ஹெல்லர் வழக்கில், 5க்கு 4 என்று நீதிபதி ஆன்டனின் ஸ்கேலியா தீர்ப்பு எழுதினார். இது தனி மனிதரின் உரிமை. வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் தலைநகர் எந்த மாநிலத்திலும் இல்லை, அது மத்திய அரசின் நேரடிப் பகுதி. அதனால் மாநிலங்களைப் பற்றிய கேள்வியைக் கோர்ட் தொட வேண்டியே வரவில்லை.

அன்றைக்கே, அதாவது தீர்ப்பு வந்த அதே நாளில், சிகாகோவில் அடுத்த வழக்கு தாக்கலானது.

ஓட்டிஸ் மெக்டொனால்ட்

வழக்குப் போட்ட நான்கு பேரில் முதல் பெயர் ஓட்டிஸ் மெக்டொனால்ட். 1933ல் பிறந்த கறுப்பின மனிதர். பிறந்தது எங்கே? லூசியானாவில். கசாப்புக்காரர்கள் வழக்கும் கோல்ஃபாக்ஸும் நடந்த அதே மாநிலம். குத்தகை விவசாயக் குடும்பம். 17 வயதில் சிகாகோவுக்கு வந்தார், ராணுவத்தில் இருந்தார், சிகாகோ பல்கலைக்கழகத்தில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றார்.

எழுபது வயதைத் தாண்டியவர். அவர் இருந்த ஏரியாவில் குற்றம் அதிகமாகிவிட்டது. அவர் வீட்டிலேயே திருடர்கள் பலமுறை புகுந்தார்கள். அவர் போலீஸோடு சேர்ந்து ஏரியாவைச் சரிசெய்ய முயன்றதால் போதைப்பொருள் விற்பவர்கள் மிரட்டினார்கள் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

மேல்முறையீட்டுக் கோர்ட் 2009ல் கைவிரித்தது. 1876, 1886 தீர்ப்புகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றை மாற்ற சுப்ரீம் கோர்ட்டால்தான் முடியும் என்றது.

சுப்ரீம் கோர்ட்டில் அவருடைய வக்கீல் ஆலன் குரா துணிச்சலான ஒரு காரியம் செய்தார். பின்வாசல் வேண்டாம், 1873ல் மூடிய முன்வாசலையே திறங்கள், குடியுரிமை வாசகத்துக்கு உயிர் கொடுங்கள் என்று வாதாடினார். வரலாற்றுப்படி பார்த்தால் அதுதான் நேர்வழி. ஆனால் நீதிபதிகளுக்குத் தயக்கம். அந்தக் கதவைத் திறந்தால் வேறு என்னென்ன உரிமை உள்ளே வருமோ! துப்பாக்கி உரிமையை ஆதரித்த ஸ்கேலியாவே, பழக்கப்பட்ட வழி இருக்கும்போது இது எதற்கு என்கிற தொனியில் கேட்டார்.

2010 ஜூன் 28. 5க்கு 4. ஆயுத உரிமை மாநிலங்களையும் மாநகராட்சிகளையும் கட்டுப்படுத்தும். நான்கு நீதிபதிகளின் சார்பில் சாமுவேல் அலிட்டோ எழுதியது பழைய பின்வாசல் வழியாகத்தான்: தற்காப்பு அடிப்படை உரிமை, வரலாற்றில் வேரூன்றியது, ஆகவே நடைமுறை வாசகத்துக்குள் வருகிறது. 1865ன் பிளாக் கோட்ஸ், கறுப்பின மக்களிடம் ஆயுதம் பிடுங்கிய கதை எல்லாம் அவருடைய தீர்ப்பில் விரிவாக வருகிறது.

ஐந்தாவது ஓட்டு கிளாரன்ஸ் தாமஸ் உடையது. அந்தக் கோர்ட்டில் அப்போது இருந்த ஒரே கறுப்பின நீதிபதி. அவர் மட்டும் முன்வாசல் வழியாக வந்தார். கோல்ஃபாக்ஸ் படுகொலையை எடுத்துச் சொல்லி, 1876 தீர்ப்பு மதிக்கத் தக்கதே இல்லை என்கிற அளவுக்கு எழுதினார்.

எதிர்த்தரப்பு நீதிபதிகள் சொன்னதையும் கேட்கணும், ஏன்னா அது சாதாரண வாதம் இல்லை. ஸ்டீஃபன் பிரேயர் கேட்டது: துப்பாக்கியால் வருஷத்துக்கு 60,000க்கும் மேற்பட்ட மரணங்களும் காயங்களும் நடக்கும் நாட்டில், எந்தச் சட்டம் உயிரைக் காக்கும் என்று நீதிபதிக்கு எப்படித் தெரியும்? அதை முடிவு செய்ய வேண்டியது அந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லையா? ஜான் பால் ஸ்டீவன்ஸ் வாதம்: பேச்சுரிமை மாதிரி இல்லை இது, ஒருவரின் துப்பாக்கி இன்னொருவரின் சுதந்திரத்தையே பறிக்கக் கூடியது. 90 வயதில் அன்றுதான் அவர் கோர்ட்டில் உட்கார்ந்த கடைசி நாள்.

இந்த ரெண்டு பக்கமும் ஒரே சிகாகோவைத்தான் காட்டின. ஒரு பக்கம், தடை இருந்தும் துப்பாக்கிக் கொலை குறையலையே என்றது. இன்னொரு பக்கம், இவ்வளவு பேர் சாகும்போது ஊரின் கையைக் கட்டலாமா என்றது. மெக்டொனால்ட் வாழ்ந்த மாதிரி ஏரியாக்களில்தான் துப்பாக்கிக்குப் பலியானவர்களும் அதிகம்.

அதுக்கப்புறம்?

நாலே நாளில், ஜூலை 2ம் தேதி, சிகாகோ மாநகராட்சி மன்றம் 45க்கு 0 என்று புதுச் சட்டம் போட்டது. துப்பாக்கி வேண்டுமா, பயிற்சிக் களத்தில் சுட்டுப் பழகியிருக்க வேண்டும். ஆனா நகரத்துக்குள்ள பொதுமக்களுக்கான பயிற்சிக் களமே இருக்கக் கூடாது! 2011ல் மேல்முறையீட்டுக் கோர்ட் அந்தத் தடையை நிறுத்தியது. 2012ல், வெளியே துப்பாக்கி எடுத்துப்போக இல்லினாய் மாநிலம் விதித்த தடையும் விழுந்தது. 2013ல் மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் தரும் சட்டம் வந்தது; நாட்டிலேயே கடைசியாக இறங்கி வந்த மாநிலம் அது.

2022ல் நியூயார்க்கின் முறை. வெளியே துப்பாக்கி எடுத்துப்போகத் தனிப்பட்ட, தக்க காரணம் காட்ட வேண்டும் என்று நூறு வருஷத்துக்கும் மேலாக இருந்த விதியை, புரூயன் வழக்கில் 6க்கு 3 என்று ரத்து செய்தார்கள். இனி ஒரு துப்பாக்கிச் சட்டம் நிற்க வேண்டுமென்றால், அது அமெரிக்காவின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்றது கோர்ட். 2024ல் ரஹிமி வழக்கில் 8க்கு 1 என்று கொஞ்சம் இளகியது: குடும்ப வன்முறை தொடர்பாகக் கோர்ட் தடை உத்தரவு இருக்கும் ஆபத்தான ஆளிடமிருந்து துப்பாக்கியை வாங்கிவைக்கலாம், அச்சு அசலாக அதே மாதிரி பழைய சட்டம் இருந்திருக்க வேண்டியதில்லை.

இங்கதான் நம்ம கேள்வி புது வேஷத்துல திரும்ப வருது. வரலாறுன்னா எந்த வருஷத்து வரலாறு? இரண்டாவது திருத்தம் வந்த 1791ஆ? அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தக் காரணமான 14வது திருத்தம் வந்த 1868ஆ? நடுவில் 77 வருஷம். அதற்குள் நகரங்கள் வளர்ந்தன, துப்பாக்கி மாறியது, சட்டங்களும் நிறைய வந்தன. எந்த வருஷத்தை எடுக்கிறோமோ அதைப் பொறுத்து ஒரு சட்டம் நிற்கும் அல்லது விழும். புரூயன் தீர்ப்பு இதை முடிக்காமல் விட்டுவிட்டது.

இன்கார்ப்பரேஷனும் முழுசா முடியல. சிவில் வழக்கில் ஜூரி கேட்கும் ஏழாவது திருத்த உரிமை இன்னும் மாநிலங்களைக் கட்டாது. குற்ற வழக்கு ஜூரி ஒருமனதாக இருக்க வேண்டும் என்பதே 2020ல்தான் மாநிலங்களுக்குப் பொருந்தியது. அந்த வழக்கு எந்த மாநிலம்னு நினைக்கிறீங்க? மறுபடியும் லூசியானா.

சரி, இவ்வளவு தூரம் வந்ததுல எடுத்துட்டுப் போக ஒரு விஷயம். ஏழைக்கு வக்கீல், போலீஸ் முன்னால் வாய் திறக்காமல் இருக்கும் உரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கைத்துப்பாக்கி: இவை எல்லாம் மாநிலங்களுக்குள் வந்தது ஒரே வாசல் வழியாக. நமக்குப் பிடிச்ச உரிமைக்கு மட்டும் திறந்து, பிடிக்காததுக்கு மூடுற வாசல் இல்லை அது. ஊர் தன் விதியைத் தானே எழுதட்டும்னு சொன்னா, 1865 மிசிசிப்பியும் எழுதும். நாடு முழுக்க ஒரே உரிமைன்னு சொன்னா, சிகாகோ தன் தெருவில் விழுற பிணங்களைப் பார்த்துட்டுப் போட்ட சட்டமும் விழும். இந்த ரெண்டு விலையில ஒண்ணைக் கொடுக்காம தப்பிக்க வழியில்லை.

ஓட்டிஸ் மெக்டொனால்ட் 2014ல், 80 வயதில் காலமானார். அவர் பெயர் இப்போது சட்டக் கல்லூரிப் பாடத்தில் இருக்கிறது. அதே பாடத்தில் சில பக்கங்களுக்கு முன்னால் குருக்ஷாங்க் பெயரும் இருக்கும். அடுத்த தடவை யாராவது "இது என் அடிப்படை உரிமை"ன்னு சொன்னா, "சரி, யாருக்கு எதிரா?"ன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. பாதி வரலாறு அந்தப் பதில்லயே இருக்கும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.